வாளிக்குள் ஒரு கோடு

புதுக் குளியலறையில் முதல் குவளைத் தண்ணீரை ஊற்றியவள் நான்தான். என் வீடு, என் குளியலறை, அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி? ஊற்றிவிட்டு, இடது மூலையில் இருந்த வடிகால் ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் அந்தப் பக்கம் போகவில்லை. சற்றுத் தயங்கியது. பிறகு நேராக என்னை நோக்கி வந்து, காலை நனைத்து, நிலைப்படியைத் தாண்டிப் படுக்கையறைக்குள் நுழைந்து, கட்டிலுக்கடியில் கிடந்த என் பழைய செருப்புகளை நலம் விசாரித்தது.

"தம்பி, என்ன இது?" என்றேன்.

கீழ்வீட்டுக்காரன் கையில் பூச்சுக் கரணையோடு நின்றிருந்தான். டைல்ஸ் போடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது என்று எங்கள் தெருவில் பேச்சு. அவனுடைய நிஜப் பெயர் எல்லாருக்கும் மறந்தே போய்விட்டது; ரசமட்டம் என்றால்தான் தெரியும். ரசமட்டம் என்பது தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவி. ஒரு நீளச் சட்டம், அதன் நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி. மற்றவர்கள் அதை வைத்து வைத்துப் பார்ப்பார்கள். இவன் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு, "அந்த மூலைய ஒரு நூல் ஏத்து" என்பான். அப்புறம் கருவியை வைத்துப் பார்த்தால் சரியாக ஒரு நூல், அரைக்கால் அங்குலம்தான் குறையும். அவனோடு வேலை செய்கிற அவன் மச்சான் அப்படிச் சரிபார்த்துச் சரிபார்த்து அலுத்துப்போய், கருவியை எடுத்து வருவதையே விட்டுவிட்டார். ஆளே ரசமட்டமாக இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பது அவர் கட்சி.

"தண்ணி தப்பாப் போகுதுக்கா" என்றான்.

"தண்ணி தப்பாப் போகாது தம்பி. நீதான் தப்பாப் போட்டிருக்க."

"இல்லக்கா. வாட்டம் சரியாத்தான் இருக்கு. நல்லாப் பாருங்க, மூலைக்குத்தான் சரியுது."

நான் நன்றாகவே பார்த்தேன். தரை வாசல் பக்கம் சரிந்திருப்பது என் கண்ணுக்கே தெரிந்தது. சரிவைத்தான் அவர்கள் வாட்டம் என்பார்கள். ஆனால் அவன் காதில் பூச்சுற்றுகிற ஆள் இல்லை. பார்த்ததைத்தான் சொல்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு வந்த கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. ஒரு விஷயம் புரியவில்லை என்றால் எனக்குக் கோபத்தைவிடத் தெரிந்துகொள்கிற அரிப்பு அதிகம். அது என் பிறவிக் குணம்.

சத்தம் கேட்டு அவன் மனைவியும் அவள் அண்ணனும் மேலே ஏறி வந்தார்கள். மச்சான் ஈரத்தைப் பார்த்தார், கீழே போனார், வண்டிப் பெட்டியின் அடியில் துருப்பிடித்துக் கிடந்த கருவியைத் தேடி எடுத்து வந்து தரையில் வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக வடிகால் பக்கம் ஓடியது. குமிழி போகிற பக்கம் மேடு.

"மாப்ள, பாருங்க."

"அது கெட்டுப்போச்சு மச்சான்."

"குமிழி எப்படி மாப்ள கெட்டுப்போகும்? முட்டையா அது?"

அவன் கருவியைத் திருப்பி வைத்துப் பார்த்தான். குமிழி மறுபடியும் அதே பக்கம்தான் போனது. அவன் மனைவி ஒரு பெரிய சலவைக்கூடத்தில் விடுதிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்ற கால். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

"பொய் சொல்லாதீங்க" என்றாள். "மனசு வேலையில இல்லன்னு ஒத்துக்கங்க. கருவி மேல எதுக்குப் பழி போடுறீங்க?"

"நான் எங்கடி பொய் சொன்னேன்?"

"ஒன்றரை மாசமா அதத்தான சொல்றீங்க!"

இந்த ஒன்றரை மாதக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மழை பிடித்த சமயம். கட்டிமுடியாத ஒரு வீட்டில், டைல்ஸ் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறியவன் வழுக்கி விழுந்தான். ரொம்ப உயரமில்லை. பின்மண்டை மட்டும் படி விளிம்பில் இடித்தது. ஒரு தடவை வாந்தி எடுத்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த 'ஒண்ணுமில்ல'தான் வினையாகப் போனது.

தலையில் அடிபட்டவனை இருட்டில் படுக்க வைக்க வேண்டும் என்று தெருவில் ஆளாளுக்குச் சொன்னார்கள். ஜன்னலில் சாக்கைக் கட்டி, வாரக்கணக்கில் அவனைப் படுக்கப் போட்டார்கள். வெளியே மழை விடவேயில்லை. அவள் வேலைக்குப் போகும்போது ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் மூடி வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்தால் தட்டு அப்படியே இருக்கும். "என்ன செய்யுது?" என்று கேட்டால், "தலை ஒரு மாதிரியா இருக்கு" என்பான். "ஒரு மாதிரின்னா எந்த மாதிரி?" என்றால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. வலியென்றால் வலி என்று சொல்லலாம். வலியும் பெரிதாக இல்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லாதவன், ரத்தம் கட்டாதவன், பார்க்கக் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறவன் படுத்தே கிடந்தால் ஊர் சும்மா இருக்குமா? "ரசமட்டம் இப்பல்லாம் வெறும் மட்டம் போடுது" என்று டீக்கடையில் ஒருவர் சொல்ல, அது தெருவெல்லாம் சுற்றிக் கடைசியில் அவன் காதுக்கே வந்தது. மறுநாளே எழுந்து வேலைக்கு வந்துவிட்டான். அந்த முதல் வேலைதான் என் குளியலறை.

"பள்ளிக்கூடத்து வராந்தா வேலை வருது மாப்ள" என்றார் மச்சான், தரையைப் பார்த்தபடி. "அதுக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன். தப்பா நெனக்காதீங்க."

ரசமட்டம் கரணையைக் கீழே வைத்தான். அவர் போனபிறகு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். முகம் வாடிச் சுருங்கிப்போயிருந்தது.

"கண்ணு போச்சுன்னா நான் யாருக்கா? கலவை கொழைக்கிறவன். அவ்வளவுதான்."

"கண்ணுதான போச்சு? அப்ப கண்ணைப் பாப்போம், எழுந்திரு" என்றேன்.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். மூக்குக் கண்ணாடிக் கடை. மறுநாள் காலையில் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரையும் கையோடு கூட்டிப்போனேன். எங்கள் கடையில் கண் பார்க்கிறவர் ஒரு முசுடு. ஆனால் வேலையில் சுத்தம். உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டு, எழுத்துப் பெட்டியை மட்டும் எரியவிட்டார். இருட்டில் எழுத்துகள் வரிசையாக மினுங்கின. ரசமட்டம் கடைசி வரிவரைக்கும் தடங்கலில்லாமல் வாசித்தான்.

"கண்ணாடி தேவையில்ல. என்னைவிட நல்ல கண்ணு" என்றார் முசுடு.

"அதெல்லாம் சரி சார். பெட்டியக் கோணலா மாட்டியிருக்கீங்களே?"

"எது கோணல்?"

"இடப்பக்கம் எறங்கி இருக்கு. கண்ணு பாக்கிற எடத்துல இப்படி மாட்டலாமா?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனான். தொழில்காரன் கை சும்மா இருக்குமா? பெட்டியின் வலது மூலையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினான், பின்னால் நகர்ந்து வந்து ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் இறக்கினான். "இப்ப சரி" என்றான்.

முசுடு விளக்கைப் போட்டார். பெட்டி தலை சாய்த்துக்கொண்டு தொங்கியது. வெளிச்சத்தில் பார்த்ததும் ரசமட்டத்துக்கே தூக்கிவாரிப்போட்டது. அவன் மனைவி என் கையைப் பிடித்தாள்.

எனக்கோ மண்டைக்குள் மணி அடித்தது. என் குளியலறையிலும் குழாய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் வாசல் வலப்பக்கம்தான். அங்கே அன்று மின்சாரம் இழுக்காததால் தரையில் ஒரு கைவிளக்கை வைத்துக்கொண்டு அரையிருட்டில்தான் வேலை செய்தான். இரண்டு இடத்திலும் இருட்டு, இரண்டு இடத்திலும் வலப்பக்கச் சரிவு. இதை முசுடிடம் சொன்னேன். அவர் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

"இது கண்ணு இல்ல. கண்ணுக்குப் பின்னால இருக்கிற விஷயம்" என்று சொல்லி, தலைக்காயத்துக்கென்றே தனியாக இருக்கிற ஒரு மருத்துவமனைக்கு வழி சொன்னார்.

அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு என்னை மாதிரியே வாய் நிற்காது. முதலில் ரசமட்டத்தைப் பேசவிட்டார். அவன் பாதி சொல்வதற்குள், அவன் மனைவி குறுக்கே விழுந்து, "ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கம்மா" என்றாள்.

"அது பொய் இல்லம்மா. அந்த ஸ்கேன் ரத்தக்கசிவு இருக்கா, எலும்பு ஒடஞ்சிருக்கான்னு தேடும். ரெண்டும் இல்ல, நல்லதுதான். ஆனா மூளைக்குள்ள நூல் நூலா இழை ஓடுது. வேகமா வந்த தலை சட்டுனு நிக்கும்போது அந்த இழை இழுபடும். அது அந்த ஸ்கேனுக்குத் தெரியாது."

"அப்ப எதுக்குத் தெரியும்?" நான்தான் கேட்டேன்.

"இப்ப ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு. மூளைச் செல் அடிபட்டா அதோட துணுக்கு கொஞ்சம் ரத்தத்துல கலக்கும். கையில ரத்தம் எடுத்தே கண்டுபிடிக்கலாம்."

"மூளையோட துணுக்கு கைக்கு வருமா!"

"வரும். ஆனா அடிபட்ட உடனே பாக்கணும். இப்ப நாளாயிடுச்சு, அதனால பிரயோஜனம் இல்ல. நுணுக்கமா எடுக்கிற எம்.ஆர்.ஐ. ஒண்ணு இருக்கு, அதுல சிலருக்கு அடையாளம் தெரியும். அதையும் எடுத்துப் பாப்போம். அதுக்கு முன்னாடி..." என்று குனிந்து மேசைக்கடியிலிருந்து ஒரு வாளியை எடுத்தார்.

சாதாரண பிளாஸ்டிக் வாளி. நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இது எங்க கலவை வாளியாச்சே" என்றான் ரசமட்டம்.

உள்ளே அடிப்பாகத்தில் ஒரே ஒரு கோடு. வெளியே அடிப்பாகத்தில் பாகைமானி மாதிரி வட்டம் வரைந்து, நடுவில் நூல் கட்டி ஒரு சிறிய தூக்குக்குண்டு தொங்கவிட்டிருந்தார்கள். வாளியைப் படுக்கையாகப் பிடித்து முகத்தை உள்ளே விட வேண்டும். சுவர், கதவு, ஜன்னல் எதுவும் தெரியாது. கோடு மட்டும்தான் தெரியும். டாக்டரம்மா வாளியைச் சுற்றிக்கொண்டே வருவார். கோடு நேராக நிற்கிறது என்று தோன்றும்போது 'நில்' என்று சொல்ல வேண்டும். உண்மையில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை வெளியே குண்டு காட்டிவிடும்.

ரசமட்டம் தலையை உள்ளே விட்டான். "சுத்துங்க... இன்னும்... நில்லுங்க. இப்ப நேரா இருக்கு" என்று வாளிக்குள்ளிருந்து குரல் வந்தது. நாங்கள் வெளியே குண்டைப் பார்த்தோம். கோடு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதே பக்கம், ஏறக்குறைய அதே அளவு.

"நான் பாக்கலாமா?" என்றாள் அவன் மனைவி. தலையை விட்டாள். "நில்லுங்க" என்றாள். குண்டு சரியாக நடுவில் நின்றது. முகத்தை வெளியே எடுத்து அதைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"மேல எது, கீழ எதுன்னு மூளைக்குச் சொல்றது உள்காதும், அதுலேர்ந்து போற இழைகளும்தான்" என்றார் டாக்டரம்மா. "இவருக்கு அந்தக் கணக்குத் தப்பியிருக்கு. வெளிச்சத்துல சுவரையும் கதவையும் பாத்து மூளை பெரிய கோணலச் சமாளிச்சுக்கும், சின்னச் சரிவுல அப்பவும் ஏமாறும். இருட்டுல முழுசா மாட்டிக்கும். இவர் பொய் சொல்லல, சோம்பேறித்தனமும் இல்ல. உலகம் இவருக்கு நெஜமாவே கோணலா இருக்கு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சலவைக்கூடத்துச் சூட்டில் காய்த்துப்போன அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ரசமட்டம் மட்டும் வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "குண்டு எத்தன எடை டாக்டர்?" என்று கேட்டான்.

எம்.ஆர்.ஐ.யில் பேனா முனை பட்டது மாதிரி சில புள்ளிகள் தெரிந்தன. இருட்டறை வேண்டவே வேண்டாம் என்றார் டாக்டரம்மா. "முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு சரி. அதுக்கு மேல படுக்க வைக்கிறது பழைய யோசனை. நடக்கணும். தலைவலி கூடாத அளவுக்கு நடந்து, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டணும்." சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். தலையணை மேல் ஏறிக் கண்ணை மூடி நிற்க வேண்டும். விழாமல் பிடிக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

"வேலைக்குப் போலாமா?" என்று கேட்டான்.

"உயரத்துல ஏறக் கூடாது. தரையில உக்காந்து செய்யலாம். ஆனா ஒண்ணு. உங்க கண்ணை நம்பக் கூடாது. கருவிய நம்புங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"நெறையப் பேருக்குத் திரும்பி வரும். எல்லாருக்கும் முழுசா வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

வீடு திரும்பும் வழியில் பேருந்திலிருந்து இறங்கும்போது, "கண்ணை நம்பக் கூடாதாம்" என்றான், தனக்குத்தானே.

வீட்டில் ஜன்னல் சாக்கை அவளே பிய்த்து எறிந்தாள். மழையும் அந்த வாரம் ஓய்ந்தது. காலையில் வேலைக்குப் போகுமுன் அவனைத் தலையணை மேல் நிறுத்தி, பின்னால் கையை விரித்துக்கொண்டு நிற்பாள். அவன் சாய்வான், இவள் தாங்குவாள். மேலேயிருந்து கேட்டால் ஒரே சிரிப்பும் திட்டுமாக இருக்கும்.

கலவை வாளியைக் கழுவி, கோடும் குண்டும் வைத்து அவனே அதேமாதிரி ஒன்று செய்தான். சோதித்துப் பார்க்க வந்த மச்சானின் தலையைத்தான் முதலில் உள்ளே தள்ளினான். குண்டு நடுவில் நின்றது. அடுத்து அவன் தலையை விட்டான். குண்டைப் பார்த்த மச்சான் வெகுநேரம் பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"மாப்ள, நான் உங்கள மட்டம் தட்டிட்டேன்" என்றார்.

"விடுங்க மச்சான். எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்புறம் தெருவே வந்து வாளிக்குள் தலையை விட்டது. டீக்கடையில் 'மட்டம் போடுது' என்று சொன்னவரும் விட்டார். வாளியில் பழைய சிமெண்ட் வாசம் அடித்தது என்று குறை வேறு. நானும் விட்டேன். கருப்பாக ஒரே ஒரு கோடு, சுற்றிலும் ஒன்றுமில்லை. பிடித்துக்கொள்ள ஒரு மூலைகூடக் கிடையாது. இப்படித்தான் தினமும் இருந்திருக்கிறானா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் குளியலறையைப் பெயர்த்தார்கள். பள்ளிக்கூட வேலை தொடங்க இன்னும் நாள் இருந்தது. "இது சரியா வந்தா நாம ரெண்டு பேரும் போவோம் மாப்ள" என்று மச்சான் சொல்லியிருந்தார். வராவிட்டால் என்ன என்பதை யாரும் சொல்லவில்லை.

இந்த முறை பெரிய விளக்கு இழுத்துப் போட்டேன். மச்சான் கலவை குழைத்தார். ரசமட்டம் கலவையை விரித்து, டைலை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டினான். ஆனால் குனிந்து குமிழியைப் பார்த்தால் அவனுக்குக் குமிழியும் ஆடியது, தலையும் ஆடியது. அதனால் அவன் மனைவி தரையில் மண்டியிட்டுக் கருவியைப் பிடித்துக்கொண்டாள். குளியலறைக்கு வாட்டம் வேண்டுமாதலால் குமிழி நடுவில் நிற்கக் கூடாது. வாசல் பக்கக் கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும். அதை அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

முதல் வரிசை முடிந்ததும் நிமிர்ந்தான். ஒற்றைக் கண்ணை இடுக்கினான். முகம் மாறியது.

"இது சறுக்குமரம் மாதிரி மூலைக்கு விழுது. மூலைய ஏத்தணும்."

"ஏத்தாதீங்க" என்றாள்.

"எனக்குத் தெரியுதுடி. கண்ணு முன்னாடி தெரியுது."

"தெரியட்டும். குமிழி கோட்டத் தொட்டு நிக்குது."

சுத்தியல் கையில் தொங்க, அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மச்சான் வாயைத் திறக்கப் போனார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அடிபடுகிறவரைக்கும் அந்தக் கண் ஒரு தடவைகூட அவனுக்குத் தப்புச் சொன்னதில்லை. இப்போது சோறு போட்ட கண் ஒன்று சொல்கிறது, பெண்டாட்டி வேறொன்று சொல்கிறாள்.

"நெஜமாத் தொட்டு நிக்குதா? எனக்காகச் சொல்லலயே?"

"உங்களுக்காகச் சொல்ல மாட்டேன். நிக்கிறதச் சொல்றேன்."

அவன் பெருமூச்சு விட்டான். இடுக்கியிருந்த கண்ணைத் திறந்துகொண்டு, அடுத்த டைலை எடுத்தான். அதற்குப் பிறகு அவன் தரையைப் பார்க்கவேயில்லை. அவள் வாயைத்தான் பார்த்தான். "தொட்டுச்சு" என்றால் அடுத்ததை எடுப்பான். "இன்னும் கொஞ்சம்" என்றால் தட்டுவான். வெங்காயம் போட்டு முட்டை பொரித்து நான் கொண்டுவந்து வைத்தது ஆறி அவலாகப் போனது. யாரும் தொடவில்லை.

கலவை இறுகும்வரை அந்தப் பக்கமே யாரும் போகக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாள் வந்தது. நாலு பேரும் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். வழக்கம்போல நான்தான் குவளையை எடுத்தேன். ரசமட்டம் என் கையிலிருந்து அதை வாங்கி அவளிடம் கொடுத்தான்.

அவள் ஊற்றினாள். தண்ணீர் தயங்கவில்லை. தரையெல்லாம் விரிந்து, மெல்லக் கூடி, மூலைக்குப் போய் ஓட்டைக்குள் இறங்கியது. கடைசிச் சொட்டு இறங்கும் சத்தம்வரை நாலு பேரும் குனிந்தபடியே நின்றோம்.

"எனக்கு இப்பவும் சறுக்குமரமாத்தான் தெரியுது" என்றான் ரசமட்டம். பிறகு அவளைப் பார்த்து, "நீ பொய் சொல்லல" என்றான்.

அவள் காலிக் குவளையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"நீங்களும் சொல்லல" என்றாள்.